பத்தரை மணி பஸ்ஸும் தர்ஷினியின் கண்ணும்

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளிடம் "வலிக்குதா?" என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை. "அதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு பேக்கு, அதுக்கு ஒரு பஸ் பாஸு!" என்று எண்ணி எண்ணிச் சிரிப்பார்.

அந்தப் பையை இப்போது ஆறு பேர் புதிதாகத் தோளில் மாட்டியிருக்கிறீர்கள். அதில் ஒருத்தி என் மகள். அவளிடம் தனியாகச் சொல்ல உட்கார்ந்தால் "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்று எழுந்து போய்விடுவாள். அதனால் ஆறு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் மகள் வயதுதான் உங்கள் எல்லாருக்கும், ஆகவே பிள்ளைகளே என்றே கூப்பிடுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு. கேள்விகள் அச்சடித்த பாரத்தை நிரப்புவது, ரத்தம் எடுத்த குழாயை ஐஸ் பெட்டியில் வைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் முட்டாளான கதையை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதை நானே சொன்னால்தான் உண்டு.

மூட்டுவாதம் என்றால் வயசானவர்களுக்கு வருவது என்றுதான் சேந்தமங்கலத்திலிருந்து முதல் நாள் மலை ஏறும்போது நானும் நினைத்திருந்தேன். குழந்தைகளுக்கும் வரும் என்று எங்கள் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அவர் தெற்குச் சீமைக்காரர். ஒரு விசித்திரமான பழக்கம் அவருக்கு உண்டு. சாதாரணமாக என்னை "அண்ணே" என்பார். கோபம் வந்தால் "சார்" என்பார். எவ்வளவு கோபமோ அவ்வளவு மரியாதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற பகுதியில் ரோட்டுக்கு மேலே சரிவில் ஒரு வீடு. அங்கே தர்ஷினி என்று ஒரு பெண், அப்போது எட்டு வயது. மணிக்கட்டும் முழங்காலும் வீங்கிப்போய் எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தவள். நோய் என்னவென்று அவளுக்கு விளக்கச் சொன்னார்கள். பலா மரத்தடியில் உட்கார்ந்து விளக்கினேன்.

"இந்தப் பலாவுக்குக் காவல் போட்டிருக்கறீங்கன்னு வச்சுக்கோ கண்ணு. கொரங்கு வந்தா கவட்டையில கல்லு வச்சு அடிக்கோணும். ஆனா அந்தக் காவல்காரன் கொரங்கை உட்டுப்போட்டு ஊட்டுக்காரங்களையே அடிக்கறான். ஒடம்புக்குள்ள இருக்கற காவல்காரன் உம்பட மூட்டை அடிக்கறான், அவ்வளவுதான்."

"அந்த ஆளைத் தொரத்திப்புட்டு வேற ஆளப் போடுங்க மாமா."

"முடியாது சாமி. அவனுக்குத் தூக்கம் வர்ற மாதிரி மாத்திரை குடுக்கறோம்."

அவள் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "அவன் தூங்கீட்டா நெசக் கொரங்கு வந்துருமுங்களே?"

அதை அப்படியே ஆபீஸில் வந்து சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, நாங்க எல்லாரும் மண்டையைப் போட்டு உடைக்கிறதே அந்தக் கேள்விக்குத்தான். காவக்காரன் எவ்வளவு தூங்கணும், எப்ப எழுப்பணும். அந்தப் பிள்ளை ஒரு வரியில கேட்டுருச்சு."

ஆராய்ச்சி அதுதான். பிள்ளைகளுக்கு நோய் அடங்கிய பிறகு மருந்தை எப்போது, எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம் என்று பார்ப்பது. நான் மாதம் ஒரு சனிக்கிழமை போய் வலி உண்டா, காலையில் மூட்டு விறைப்பு உண்டா, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிவர வேண்டும். வலியைக் காட்ட ஒரு அட்டை தந்திருந்தார்கள். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடியும் ஆறு முகங்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்துகிற முகத்தைத் தொட வேண்டும். அட்டையோடு நான் சரிவில் ஏறும்போதே "வலிக்குதா மாமா வந்தாச்சு!" என்று கத்துவார்கள். எனக்குப் பேர் அதுதான். மலையில் என் சொந்தப் பேர் தெரிந்தவர்கள் இன்றைக்கும் குறைவு.

முதல் மூன்று மாதம் என் பாரங்களில் எல்லாப் பிள்ளைகளும் சௌக்கியம். விறைப்பு இல்லை, வலி இல்லை. தர்ஷினி ஒவ்வொரு முறையும் கொய்யா மரத்திலிருந்து இறங்கிவந்துதான் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று நினைத்து நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், ஏதோ மருந்தை நானே இடித்துச் சலித்துக் கொடுத்த மாதிரி.

"அண்ணே, நீங்க எத்தனை மணிக்குப் போறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பத்தரை பஸ்ஸுக்குங்க மேடம்."

"இந்த நோய் எத்தனை மணிக்கு எந்திரிக்கும், தெரியுமா? கோழிக்கு முன்னாடி. பத்தரைக்குள்ள வேலையை முடிச்சுட்டுப் போயிரும்."

அடுத்த முறை முந்தின நாளே போய் மலையில் தங்கி, காலை ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். தர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். டம்ளரை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடித்தாள். பத்தரை மணிக்குக் கொய்யா மரத்தில் இருந்தது இதே பிள்ளைதான்.

"ஏன் சாமி இத மாமாகிட்டச் சொல்லல?"

"நீங்க 'வலிக்குதா'ன்னு கேப்பீங்க. அப்ப வலிக்காதுங்க."

சரியான பதில். குற்றம் சொல்ல முடியாது. டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். சில மாதத்தில் காலை ஆறு மணிக்கும் அவள் நடந்தே படி இறங்கினாள். பிறகு நெடுநாள் நோய் அடங்கியே இருந்ததால், திட்டப்படி மருந்தை மெல்லக் குறைக்கத் தொடங்கினோம்.

இங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம். முதலாவதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்ததால் இதை ரொம்ப நம்பிக்கையோடு செய்தேன்.

இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ளும் போகும். போகும்போது சத்தம் போடாது. கண் சிவக்காது, நீர் வடியாது, வலிக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழே ஆஸ்பத்திரியில், தாடையை வைத்துப் பார்க்கும் கருவியில், கண் டாக்டர் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் எனக்கும் பயிற்சியில் சொன்னதுதான். ஆனால் என் கையில் இருந்த கேள்வி "வலிக்குதா?" ஒன்றுதானே.

தர்ஷினிக்கு அந்தக் கண் பரிசோதனை இரண்டு முறை தவறியது. முதல் முறை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. இரண்டாம் முறை அவளே வரவில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. எழுபதையும் வாந்தி எடுத்தே கடப்பவள் அவள். "கால்தான் நல்லாயிருச்சே, எதுக்குங்க?" என்று கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பாவமாக இருந்தது.

பாரத்தில் இரண்டு வரிகள் இருந்தன. 'கண் பரிசோதனை நடந்ததா?' அதில் நேர்மையாக 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வரி, 'பார்வையில் குறை தெரிகிறதா?' இதற்கு நானே ஒரு பரிசோதனை கண்டுபிடித்தேன். அவள் வீட்டு வாசலில் நின்றால் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் ரோடு வளைவது தெரியும். நான் வந்திறங்கும் பத்தரை மணி பஸ் கடைசி ஊர்வரை போய்ப் பதினொரு மணிக்கு அந்த வளைவில்தான் திரும்பி வரும்.

"கண்ணு, அந்த பஸ் போர்டைப் படி பாக்கலாம்."

"சேந்தமங்கலம், வளப்பூர் நாடு" என்பாள் ஒரு மூச்சில். "பச்சை பஸ்ஸுங்க. முன்னால எலுமிச்சம்பழம் தொங்குது."

எனக்கு அந்தத் தூரத்தில் பஸ்ஸே ஒரு பச்சைப் பூச்சிதான். அவள் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். பஸ் வந்து நின்றதும் இறங்கிப்போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்டைப் படித்தேன். சேந்தமங்கலம், வளப்பூர் நாடு. எலுமிச்சம்பழமும் தொங்கியது. மூன்று மாதம் மூன்று பாரத்தில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகா விஞ்ஞானி.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அந்த ரோட்டில் அந்த நேரத்தில் வருவது ஒரே பஸ். போர்டு மாறினதே இல்லை. டிரைவர் ராசு அந்த வளைவில் மூன்று முறை ஹாரன் அடிப்பார், இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. அது டீக்கடைக்காரருக்கு, டீயை ஆற்றச் சொல்லி. கண்ணை மூடிக்கொண்டாலும் சொல்லக்கூடிய விடையைக் கேட்டுவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிவைத்தேன்.

நான்காம் மாதம் சனிக்கிழமை பச்சை பஸ் பட்டறையில் இருந்தது. ராசு மாற்று வண்டி ஓட்டி வந்தார். உச்சி முதல் சக்கரம்வரை மஞ்சள். கீழே ஏதோ ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததைத் திருப்பி விட்டிருந்தார்கள், போர்டைக்கூட மாற்றவில்லை. அதில்தான் நானும் வந்து இறங்கினேன். வழக்கம்போல் தர்ஷினியின் வீட்டு வாசலில் நின்றோம். பதினொரு மணி. ஹாரன் மட்டும் அதே ஹாரன், இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"சேந்தமங்கலம், வளப்பூர் நாடு" என்றாள் தர்ஷினி. "பச்சை பஸ்ஸுங்க. எலுமிச்சம்பழம் தொங்குது."

என் மங்கின கண்ணுக்கே மஞ்சள் தெரிந்தது. வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். "ஏங் கண்ணு, மாமாவ ஓட்டறயா?"

"இல்லீங்க மாமா, நெசமாலுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

பையிலிருந்து முக அட்டையை எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் தலைகீழாகத் திருப்பிக் கையெட்டும் தூரத்தில் நீட்டினேன். "சிரிக்கற மூஞ்சி எது சாமி?" வழக்கமாக அது இருக்கும் இடது ஓரத்தை விரல் உடனே தொட்டது. அங்கே தலைகீழாக அழுதுகொண்டிருந்தது ஒரு முகம்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனசில் என்னென்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் ஓடியது அந்தப் பிள்ளையின் கண் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட மூன்று பாரங்கள். இன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுதினால் போதும், பழையதை யார் கிளறப் போகிறார்கள் என்று ஒரு குரல். திங்கட்கிழமை கூட்டிப்போனால் ஆகாதா என்று இன்னொரு குரல். அன்று பிள்ளையின் அப்பா மிளகு பறிக்கப் போயிருந்தார், அம்மா மட்டும்தான் இருந்தார். இரண்டு குரலும் என் குரலேதான். அதுதான் சங்கடம்.

வீட்டுக்கு மேலே ஒரு பாறை. அதன் மேல் ஏறினால்தான் போனில் பேச முடியும். ஏறினேன்.

"மேடம், தர்ஷினிக்குக் கண்ணு தெரியல போலிருக்குதுங்க. மூணு பாரத்துல குறை இல்லைன்னு நான் எழுதுனது தப்புங்க. பஸ் போர்டை வச்சுப் பாத்தனுங்க. அது எப்பவும் ஒரே போர்டுங்க." இன்னும் என்னென்னவோ உளறினேன்.

"சார்" என்று வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, அந்த பஸ் எப்பக் கீழே இறங்குது?"

"பதினொண்ணேகாலுக்குங்க."

"அதுல ஏத்துங்க. கண் டாக்டரை நான் பிடிச்சு உட்கார வைக்கிறேன்."

மணி பதினொன்று பத்து. பாறையிலிருந்து இறங்கியது எப்படி என்று ஞாபகமில்லை, கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது மட்டும் ஞாபகம். அவள் அம்மா மலர்க்கொடி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இவ பஸ்ஸுல ஏறமாட்டாளுங்கண்ணா. திங்கக்கெழம அவுங்கப்பா வந்தொடனே பாத்துக்கலாமுங்க."

"அம்மிணி, மூணு மாசமா நான் தப்பா எழுதியிருக்கறனுங்க. உங்க புள்ளைக்குப் பார்வை கொறஞ்சிருக்குது. இந்தத் தப்புல இனி ரெண்டு நாளைச் சேத்த முடியாதுங்க."

அவர் கையிலிருந்த நெல் அப்படியே நின்றது. "அப்ப இவ டம்ளருக்கு வெளியில தண்ணி ஊத்துனது..." என்றவர், "அதுக்குப் போன வாரம் அடிச்சுப்போட்டனுங்களே" என்றார். அடுத்த நிமிஷம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வயசுப் பிள்ளையை. இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை.

ராசு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தர்ஷினியை முன் சீட்டில் உட்கார வைத்தார். "எந்த வளைவுல வாந்தி வரும்னு முன்னாலயே சொல்லிப்போடு சாமி, ஓரங்கட்டி நிறுத்தித் தாரேன்."

"இருவத்தி நாலுங்க."

"எழுபதுலருந்து இருவத்தி நாலு வரைக்கும் தாங்குவயா? வாக்கு மாறக்கூடாது."

பஸ் இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் எண்ணினாள். அறுபத்தெட்டு, அறுபத்தேழு. ராசு ரோட்டோரப் பலகையைப் பார்த்துப் பார்த்துச் சரி சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பாக்காம எப்படிச் சாமி எண்ணறே?"

"வயித்துல எண்ணறனுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை மாதமாக இந்தப் பிள்ளை காதால் பஸ்ஸைப் பார்த்து, வயிற்றால் ரோட்டைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சமாளித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நாற்பத்து மூன்றாம் வளைவில் வாக்கு மாறிவிட்டாள். என் பையில்தான். பாரம், முக அட்டை, சோற்று டப்பா, எல்லாவற்றின் மேலும்.

"மன்னிச்சுக்குங்க மாமா."

"பரவால்ல கண்ணு. அந்தப் பாரத்துக்கு அது வேணும்."

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே நின்றிருந்தார். கண் டாக்டர் கருவியில் ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார், மறுபடி முதல் கண்ணைப் பார்த்தார். வலது கண் சொட்டு மருந்தில் தேறிவிடும் என்றார். இடது கண்ணில் கருவட்டத்தின் ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பாதிப்பு நின்றுவிடும், ஆனால் பார்வை போகாது என்றார். மணிக்கு ஒருமுறை சொட்டு. குறைத்த மாத்திரையைத் திரும்பக் கூட்டினார்கள். காவல்காரனை நாம் எழுப்பிய வேகம் கூடிப்போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

பிள்ளைக்குப் படுக்கை போட்டு, அவள் அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த பிறகு, சாயங்காலம் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், உட்காருங்க."

வந்துவிட்டது. உட்கார்ந்தேன். கால் மணி நேரம் அவர் கொடுத்த மரியாதையை என் கல்யாணத்தில்கூட யாரும் கொடுத்ததில்லை. 'தாங்கள்' வரை போனார்.

முடித்துவிட்டு ஆபீஸ் கோப்பிலிருந்து அந்த மூன்று பாரங்களை எடுத்துப் போட்டார். வேறு புதுப் பாரத்தில் சரியாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"கிழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தப்புக்கு மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிறதைப் படிக்க முடியணும். பக்கத்துல சரியானதை எழுதி, ஏன் தப்பாச்சுன்னு எழுதி, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்து." பிறகு அந்தப் பாரங்களைத் தன் பக்கம் திருப்பினார். "தவறிப்போன ரெண்டு பரிசோதனையை நானும் துரத்திப் பிடிச்சிருக்கணும், அண்ணே. குறை இல்லைன்னு பார்த்ததும் விட்டுட்டேன். என் கையெழுத்தும் கீழே இருக்கு."

அவரும் போட்டார். 'பஸ் போர்டை வைத்துப் பார்த்தேன்' என்று ஒரு ஆராய்ச்சிக் கோப்பில் எழுதியிருப்பது உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இருக்கும். உங்களுக்குத் தந்திருக்கும் புதுப் பாரத்தில் 'பார்வையில் குறை தெரிகிறதா?' என்ற வரி இருக்காது, தேடிப் பாருங்கள். அதற்குப் பதில் 'கண் டாக்டர் பார்த்த தேதி' என்று இருக்கும். அந்த வரி என்னால் வந்தது. அதை வெறுமையாக விட்டால் ஆபீஸிலிருந்து போன் வரும். அதுவும் என்னால்தான்.

இன்னொரு விஷயமும் எனக்கு அதில் புரிந்தது. கேள்வி கேட்பதற்கு முன்னால், வேறு பதில் வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பதில்தான் வரும் என்றால் நீங்கள் கேட்டது கேள்வியே இல்லை.

தர்ஷினிக்கு அடுத்த எட்டு மாதம் கண் பரிசோதனை ஒன்றுகூடத் தவறவில்லை. முன் சீட்டு அவளுக்கென்றே ஆனது. வாந்தி மெல்ல மெல்ல இருபத்து நாலுக்கு வந்து சேர்ந்தது, வாக்கைக் காப்பாற்றினாள். இடது கண்ணின் கருவட்டம் மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டது. அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொள்வதாக அவள் அம்மா சொன்னார்.

பஸ் பரிசோதனையையும் நாங்கள் விடவில்லை, பாரத்துக்காக இல்லை, விளையாட்டுக்கு. ராசுவும் சேர்ந்துகொண்டார். பச்சை பஸ் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. ஆனால் முன்னால் தொங்குவது ஒவ்வொரு மாதமும் மாறும். ஒரு முறை வாழைச் சீப்பு. ஒரு முறை சிவப்புத் துண்டு. ஒரு முறை ராசுவின் செருப்பு, ஒற்றைச் செருப்பு. தர்ஷினி வாசலில் நின்று கத்துவாள், நான் இறங்கிப்போய்ச் சரிபார்ப்பேன்.

கடைசியாக நான் வேலையில் இருந்த மாதம் போனபோதும் வாசலில் நின்றோம். பதினொரு மணி. இரண்டு குட்டை ஹாரன், ஒரு நீளம். எனக்குப் பச்சைப் பூச்சி தெரிந்தது.

"படி கண்ணு."

அவள் வலது கையை நெற்றியில் வைத்து நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கண் டாக்டர் பார்த்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. சேந்தமங்கலம் என்றாவது சொல்லிவிடேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம், அந்தப் பழைய புத்தி இன்னும் உள்ளேதான் இருந்தது.

"மாமா" என்றாள். "போர்டுல ஒண்ணுமே எழுதலீங்க."

"நல்லாப் பாரு சாமி."

"பாத்துட்டனுங்க. வெறும் போர்டுங்க. எலுமிச்சம்பழமும் இல்லீங்க."

சரிவில் ஓட்டமாக இறங்கினேன். பஸ் முகப்பில் போர்டு திருப்பி மாட்டியிருந்தது, வெறும் தகரம். டீக்கடை வாசலில் ராசு ஒரு கையில் டீயும் ஒரு கையில் எலுமிச்சம்பழமுமாக நின்று, "என்னுங்க, என்ன சொல்லுச்சு?" என்றார்.

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுச்சுங்க" என்றேன்.

பாரத்தில் இதை எழுத வரி கிடையாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.